வலி நின்றதாக எழுதியிருக்கிறாயே, முத்து

அன்புள்ள முத்துவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். அக்காவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது. சிவா வழக்கம்போல யாருக்கும் பதில் போடுவதில்லை. மற்றதெல்லாம் அப்புறம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய்: ஒரு வாரமாகத் தூங்கவிடாமல் படுத்திய கடைவாய்ப் பல் தானாகவே அடங்கிவிட்டது, அதனால் பல் மருத்துவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் இரவுகூடப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தவன் நீ. அப்போதெல்லாம் தேறியும்விட்டாய். இந்த விஷயத்தில் அது நடக்காது. அப்படித் துடித்த சொத்தைப் பல் திடீரென்று மௌனமானால், பெரும்பாலும் உள்ளே இருந்த நரம்பு செத்துப்போயிருக்கும். வலியை உணர அங்கே எதுவும் மிச்சமில்லை, கிருமிகள் மட்டும் இருக்கின்றன. அவை வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். சில நாட்களிலும் கட்டலாம், மாதக்கணக்கில் ஓசையின்றிக் கிடந்துவிட்டும் கிளம்பலாம். ஈறில் சின்னப் பரு மாதிரி ஏதாவது எழும்பியிருக்கிறதா, வாயில் கெட்ட சுவை வருகிறதா, மென்றால் அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்பதுபோல் இருக்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பார். இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்க் காட்டு. வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ, இரண்டில் ஒன்று செய்தாக வேண்டியிருக்கும். போன முறை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே. கிருமி தங்கியிருக்கும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் மாத்திரையால் மட்டும் அது தீராது.

அதற்குள் கன்னம் வீங்கினால் வெளியிலிருந்து சூடு வைக்காதே. குளிர்ந்த துணியை விட்டுவிட்டு ஒற்றலாம், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம், தலையை உயர்த்தி வைத்துப் படுக்கலாம். ஆஸ்பிரினை ஈறில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உன் வீட்டில் உண்டே, தயவுசெய்து அதைச் செய்யாதே. அது அமிலம், பட்ட இடத்துச் சதையை வெந்து வெளுக்கச் செய்துவிடும்.

இனி சொல்வதைக் கமலாவிடமும் படித்துக் காட்டு. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, மேலே கண்ணை மூடும் அளவுக்கு ஏறினாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, எச்சிலை விழுங்கச் சிரமப்பட்டாலோ, நாக்கு மேலே தள்ளப்பட்டுக் குரல் மாறினாலோ, மூச்சு முட்டினாலோ, அது பல் மருத்துவர் கதவு திறக்கும்வரை காத்திருக்கும் காரியம் அல்ல. நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வாயின் அடித்தளம் முழுக்கப் பரவும் இந்த நோயை 1836-லேயே லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்துவிட்டார், அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். பெரும்பாலும் அது தொடங்குவது கீழ்க் கடைவாய்ப் பல்லில். மூச்சுக்குழாயை அடைத்துக் கொல்லும். உனக்கு வந்துவிட்டது என்று சொல்லவில்லை. வரக்கூடிய இடத்தில் நீ அலட்சியமாக உட்கார்ந்திருக்கிறாய் என்கிறேன்.

இன்னொன்று. நம் வாத்தியாருக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். நடந்தால் தாடை வலி, உட்கார்ந்தால் போய்விடும். வேர்வை வேறு. பல்லையே குறை சொல்லிக்கொண்டிருந்தார், கடைசியில் இதயம். அந்த மாதிரி வலி வந்தால் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்காதே.

பல்லைப் பற்றி எனக்கு எங்கிருந்து இவ்வளவு அக்கறை என்று கேட்பாய். தம்பி மகன் மாடிப்படியில் விழுந்ததில் முன்பல் ஒன்று வேரோடு பெயர்ந்து வந்துவிட்டது. ஒன்பது வயது, முளைத்து அதிக நாள் ஆகாத நிரந்தரப் பல். நான் பக்கத்தில் இருந்தேன். மயக்கம், வாந்தி எதுவும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு பல்லைத் தேடி எடுத்தேன். வேரைத் தொடவே கூடாது முத்து, வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியை மட்டும்தான் பிடிக்க வேண்டும். வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நார்கள்தான் அதை மறுபடியும் எலும்போடு சேர்த்துவைக்கும். தேய்த்தால் அவை போய்விடும், காய்ந்தால் செத்துவிடும். பாலில் ஒரு முறை அலசி, முன்புறம் எது என்று பார்த்து, குழியிலேயே மெதுவாக அழுத்திவிட்டேன். பையன் அழுதான், ஆனால் ஒத்துழைத்தான். மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி நேராகப் பல் மருத்துவரிடம் போனோம். அவர் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இணைத்துவிட்டார், இரண்டு வாரம். அந்த வயதில் வேர் நுனி முழுதாக மூடியிருக்காதாம், அதனால் இரத்த ஓட்டம் திரும்ப வாய்ப்பு உண்டு என்று படம் எடுத்துக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் சிரிக்கும்போதெல்லாம் அந்தப் பல்லைத்தான் பார்க்கிறேன்.

குழியில் வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம். வெறும் தண்ணீர் வேண்டாம், நார்களில் உள்ள உயிரணுக்கள் அதில் ஊறி வெடித்துவிடும். கையில் வேறொன்றும் இல்லையென்றால், காய விடுவதைவிடத் தண்ணீர் மேல். ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்தால் அநேகமாக அந்த நார்கள் பிழைப்பதில்லை, முதல் சில நிமிடங்களில்தான் எல்லாம் இருக்கிறது. உன் பேத்திக்கு ஐந்து வயதுதானே, அவளுக்கு இப்படி ஆனால் திரும்பச் செருகிவிடாதே. பால் பல்லை உள்ளே அழுத்தினால் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல் கெடும். பல்லோடு அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனால் போதும்.

சரி, உனக்குப் பல்லை எடுத்துவிட வேண்டும் என்றே சொல்லிவிட்டால் பயப்படாதே. இரத்தத்தை மெல்லிழைத் துணியில் அழுத்திக் கடித்து நிறுத்த வேண்டும், அரை மணி நேரம் எடுத்து எடுத்துப் பார்க்காமல். அன்று முழுதும் கொப்பளிக்காதே, துப்பாதே, புகைக்காதே. குழியில் உறையும் இரத்தம்தான் எலும்பை மூடிக் காக்கிறது. அது பெயர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் கழித்து, குறைய வேண்டிய வலி காதுவரை ஏறும். அப்படி ஆனால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் அதே மருத்துவரிடம் திரும்பப் போ, குழியைக் கழுவி மருந்து வைத்துவிடுவார். இரத்தம் மெலிவதற்கு நீ சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போ. நீயாக அதை நிறுத்தாதே. கமலாவையும் உடன் அழைத்துப் போ, மருத்துவர் சொல்வதில் பாதியை நீ காதில் வாங்க மாட்டாய்.

அன்புடன்,
ராகவன்