ஹைட்ராலிக் – நியூமேட்டிக் தொழில் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

எண்ணெய் அழுத்தத்தாலும் (ஹைட்ராலிக்) காற்றழுத்தத்தாலும் (நியூமேட்டிக்) இயந்திரங்களை இயக்கும் தொழிலில் இருக்கும் நம் சங்கம் கடந்த ஓராண்டில் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தயாராக இருக்கிறது; அதைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஒரே ஒரு மாதம் போதிய வருகை இல்லாமல் கூட்டத்தை ஒத்திவைத்தோம். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் சிறிய பராமரிப்புப் பட்டறை நடத்துகிறவர்கள். எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. பம்பும் வால்வும் தயாரிக்கிறவர்கள் மட்டும் கூடிப் பேசும் இடமாகவே இந்தச் சங்கம் நெடுங்காலம் இருந்தது. மண் அள்ளும் இயந்திரத்தின் அடியில் படுத்து ஹோஸ் (அழுத்த எண்ணெய் ஓடும் வளையும் குழாய்) மாற்றுகிறவருக்கும் இங்கே ஒரு நாற்காலி உண்டு என்பது இப்போதுதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இந்த ஆண்டை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு விரல். உறுப்பினர் ஒருவரின் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர், ஓடிக்கொண்டிருந்த பிரஸ்ஸின் (அழுத்து இயந்திரத்தின்) ஹோஸில் எங்கோ எண்ணெய் கசிகிறது என்று பார்த்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கையுறையோடு ஹோஸைத் தடவிப் பார்த்திருக்கிறார். சுட்டுவிரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. துணியில் துடைத்துவிட்டு அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் போனார். இரவு விரல் வீங்கியது. முதலில் காட்டிய இடத்தில் புள்ளியைச் சுத்தம் செய்து, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு இடத்தில் அறுவை செய்து திறந்து பார்த்தபோது எண்ணெய் உள்ளங்கை வரை பரவியிருந்தது. விரலின் நுனிப் பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. நான் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது இதுதான்: “வெறும் எண்ணெய்க் கசிவுதானே என்று நினைத்தேன் சார்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக ஏறக்குறைய 7 பார் அழுத்தமே (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) போதும் என்பது நம் தொழிலில் பாதுகாப்புப் பாடத்தின் முதல் வரி. நம் இயந்திரங்களோ 200, 300 பாரில் ஓடுகின்றன. முடி அளவு துளையிலிருந்து வரும் எண்ணெய்ச் சாரல் கண்ணுக்குப் புகை போலத்தான் தெரியும். அது தோலுக்குள் நுழைந்துவிட்டால் தசைநாரின் உறை வழியாக ஓடும். வெளியே புண் சிறியது, உள்ளே சேதம் பெரியது. அடுத்த சில மணி நேரங்கள்தாம் கை தப்புமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

செயற்குழு அந்த வாரமே கூடியது. சட்டைப் பையில் வைக்கும் அளவில் ஓர் அட்டை அச்சிட முடிவு செய்தோம். கை அறுவை மருத்துவர் ஒருவரின் ஆலோசனையோடு அதன் வாசகத்தை எழுதினோம். ஒரு பக்கம் தொழிலாளிக்கு: கசிவைத் தேடக் கையைக் கொண்டு போகாதே, இயந்திரத்தை நிறுத்து, அழுத்தத்தை இறக்கு, அப்படியும் தேட வேண்டி வந்தால் தடித்த அட்டைத் துண்டையோ மரத்துண்டையோ நீட்டிப் பார், கையைத் தூரத்தில் வை. மறுபக்கம் மருத்துவருக்கு: “இது உயர் அழுத்தத்தில் திரவம் உடலுக்குள் செலுத்தப்பட்ட காயம். புண் சிறிதாகத் தெரிந்தாலும் உடனடி அறுவை ஆலோசனை தேவை.” கீழே எந்த வகை எண்ணெய், எத்தனை பார், எத்தனை மணிக்கு நடந்தது என்று எழுத மூன்று கோடுகள். அந்த மூன்று கோடுகளுக்காகத்தான் அதிக நேரம் விவாதித்தோம். வலியில் துடிக்கிறவருக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி, பேனாவை எடுத்து அரை நிமிடத்தில் நிரப்பும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

இதையொட்டி ஹோஸ் வகுப்பை இந்த ஆண்டு இரண்டு முறை நடத்தினோம். ஹோஸ் என்றால் ரப்பர் குழாய், அளவு பார்த்து வெட்டி முனையில் ஃபிட்டிங் (இணைப்பு முனை) வைத்து கிரிம்ப் செய்தால் (நெரித்து இறுக்கினால்) முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஹோஸுக்கு இன்னொரு நிறுவனத்தின் ஃபிட்டிங்கைப் பொருத்தினால், அளவு ஒத்துப்போவது போலத் தெரிந்தாலும் பிடிப்பு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை; இரண்டையும் சேர்த்துச் சோதித்தவர் யாரும் இல்லை. வகுப்பில் ஹோஸை நீளவாக்கில் அறுத்து உள்ளே இருக்கும் கம்பிப் பின்னலைக் காட்டினோம். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம். அதனால் இழுத்துப் பிடித்தாற்போல் மாட்டிய ஹோஸ் முனையில் பிய்த்துக்கொள்ளும். வேலை அழுத்தத்தைப் போல நான்கு மடங்கில்தான் ஹோஸ் வெடிக்க வேண்டும் என்ற வழக்கமான விதி புது ஹோஸுக்குத்தான் பொருந்தும்; வெயிலில் வெடித்து, வளைவில் கம்பி தெரியும் ஹோஸுக்கு அல்ல. அழுத்தத்தில் எண்ணெயைச் சேமிக்கும் கலனான அக்யுமுலேட்டர் பற்றியும் அங்கேயே சொன்னோம். மோட்டாரை நிறுத்திவிட்டால் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அக்யுமுலேட்டர் அதைச் சேமித்து வைத்திருக்கும், முதலில் அதை இறக்க வேண்டும். அதில் நைட்ரஜன் மட்டுமே நிரப்ப வேண்டும். ஆக்சிஜன் நிரப்பினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். பழைய ஆட்கள் சிலர், இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். சொல்ல வேண்டும் என்பதே என் பதில்.

எண்ணெய்த் தூய்மைப் பயிலரங்குதான் இந்த ஆண்டு அதிகம் பேர் வந்த நிகழ்ச்சி. வந்தவர்களிடம் முதலில் சீல் உடைக்காத புது எண்ணெய்ப் பீப்பாயைக் காட்டி, இது சுத்தமா என்று கேட்டோம். எல்லோரும் சுத்தம் என்றார்கள். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதும் தேன் போலப் பளபளத்தது. பிறகு அதை வடிதாளில் வடித்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தோம். உலோகத் துகளும் மணலும் நாருமாக, வட்டம் முழுக்கப் புள்ளிகள். ஒரு மெக்கானிக் நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய 40 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே எதுவும் தெரியாது. எண்ணெய் ஓட்டத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வில், உள்ளே நகரும் தண்டான ஸ்பூலுக்கும் உறைக்கும் இடையே இருப்பதோ சில மைக்ரான் இடைவெளி. பார்வைக்குச் சுத்தமான எண்ணெயே வால்வை அடைத்து நிறுத்திவிடும். இதை அளக்கத்தான் சர்வதேசத் தர அமைப்பின் (ஐ.எஸ்.ஓ.) 4406 என்ற தரக்குறியீடு இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4, 6, 14 மைக்ரானும் அவற்றுக்கு மேலும் உள்ள துகள்களை எண்ணி, 18/16/13 என்பது போல மூன்று எண்களாகச் சொல்வார்கள். எண் ஒன்று கூடினால் துகள்கள் இரண்டு மடங்கு. ஆகவே 21 என்பது 18-ஐவிடக் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கக் கூடாது. எட்டு மடங்கு அதிகம். பீப்பாயிலிருந்து நேராக டேங்கில் ஊற்றாமல், ஃபில்டர் வண்டி (வடிகட்டி பொருத்திய வண்டி) வழியாக ஏற்றுங்கள் என்பதே அன்றைய பாடத்தின் சாரம். சங்கத்தின் ஃபில்டர் வண்டியை உறுப்பினர்கள் முறை வைத்து இரவல் வாங்கிக்கொள்ளலாம். பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது. திருப்பித் தரும்போது குழாய்களின் வாயை மூடித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தரக்குறியீடு என்ற பேச்சு வந்தாலே சிலர் முகம் சோர்ந்துவிடுகிறது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஒரு நிறுவனத்தின் திசை வால்வை (எண்ணெய் போகும் திசையை மாற்றும் வால்வை) கழற்றிவிட்டு இன்னொரு நிறுவனத்தின் வால்வை அதே நான்கு போல்ட்டில் மாட்ட முடிகிறதே, அது தானாக வந்ததல்ல. பட்டறையில் நாம் ‘சீடாப் 3’, ‘சீடாப் 5’ என்று சொல்கிறோமே, அந்தப் பெயரே 1962-இல் ஐரோப்பிய நாடுகளின் ஹைட்ராலிக் – நியூமேட்டிக் சங்கங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பின் பெயர். போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, போல்ட் துளைகள் எங்கே வர வேண்டும் என்று ஒத்துக்கொண்டதால்தான் இன்று பாதி இரவில் நின்றுபோன இயந்திரத்தைக் கையில் கிடைத்த வால்வை வைத்து ஓட்ட முடிகிறது. அந்தத் துளை அமைப்பு இப்போது ஐ.எஸ்.ஓ. 4401-இல் இருக்கிறது. சர்வதேசத் தர அமைப்பில் நம் தொழிலுக்கென்றே 131-ஆம் எண் தொழில்நுட்பக் குழு உள்ளது. அதன் வரைவுகளைப் படித்துக் கருத்து எழுத இந்த ஆண்டு ஒரு துணைக்குழு அமைத்தோம். ஆனால் தயாரிப்பாளர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள். பழுது பார்க்கிறவர் ஒருவராவது வர வேண்டும். விதியை எழுதுகிறவருக்குத் தெரியாத இடுக்கு எது என்பது ஸ்பானரோடு அந்த இடுக்கில் கைவிட்டவருக்குத்தான் தெரியும்.

புள்ளிவிவரத் திட்டம் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். தயக்கம் அதில்தான் அதிகம். உறுப்பினர் நிறுவனங்கள் மாதம் எவ்வளவு ஆர்டர் வந்தது, எவ்வளவு அனுப்பினோம் என்ற இரண்டு எண்களைச் சங்கத்துக்கு வெளியே உள்ள தணிக்கையாளரிடம் நேராகக் கொடுக்கின்றன. அவர் கூட்டுத்தொகையை மட்டும் நமக்குத் தருகிறார். தனி நிறுவனத்தின் எண்ணைத் தலைவரும் பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது. ஒரு பிரிவில் எண் கொடுத்தவர்கள் மிகக் குறைவாக இருந்தாலோ, ஒருவரின் பங்கே பெரும்பகுதியாக இருந்தாலோ, அந்தப் பிரிவின் கூட்டுத்தொகையையும் வெளியிடுவதில்லை. கழித்துப் பார்த்து அடுத்தவர் எண்ணைக் கண்டுபிடிக்க இடம் தரக் கூடாது. நம் பம்பும் சிலிண்டரும் கட்டுமான இயந்திரம், விவசாய இயந்திரம், பிரஸ், ஊசிவார்ப்பு இயந்திரம் எல்லாவற்றுக்குள்ளும் போகின்றன. அந்தத் தொழில்களில் சுணக்கம் வந்தால் அது நம் ஆர்டர் புத்தகத்தில் தெரியும். தன் ஆர்டர் குறைந்தது தன் குறையாலா, எல்லோருக்குமே குறைந்திருக்கிறதா என்று அறிய ஒரு சிறு நிறுவனத்துக்கு வேறு வழி இல்லை. எண் கொடுக்காதவர்களும் அறிக்கை கேட்கிறார்கள்; கொடுத்தவர்களுக்கு மட்டுமே அறிக்கை என்ற விதியை நான் தளர்த்தப் போவதில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. ஒரு மாதக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையின்போது இருவர் விலை உயர்த்துவது பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் குறுக்கிட்டு நிறுத்தினேன். அவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். விலை, தள்ளுபடி, யாருக்கு எந்த வாடிக்கையாளர் என்ற மூன்றும் சங்கத்தின் கூரைக்குக் கீழே எந்த நேரத்திலும் பேசப்படக் கூடாது. போட்டியாளர்கள் கூடும் இடத்தில் அந்தப் பேச்சு வந்துவிட்டால், இத்தனை ஆண்டுகளாகக் கட்டிய நம்பிக்கை ஒரு நாளில் போய்விடும், சட்டமும் நம்மை விடாது.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான வகுப்பு தொடர்ந்து நடக்கிறது. வரைபடக் குறிகளை ஐ.எஸ்.ஓ. 1219 முறையில் படிக்கக் கற்பிப்பது முதல் வாரம். வரைபடம் படிக்கத் தெரிந்தவர் எந்த நாட்டு இயந்திரத்தின் முன்னாலும் திகைத்து நிற்க மாட்டார். இரண்டாம் வாரம் ஒரு கணக்கு கொடுப்போம்: 100 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் 210 பார் ஏறினால் தள்ளுவிசை எவ்வளவு? பதினாறு டன்னுக்கு மேல் என்று விடை வரும்போது, கணக்கில் தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்க்கிறார்கள். அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் கண்ட விதியை வைத்து ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்ற கதையை அப்போது சொல்வது வழக்கம். மின்சார ஆக்சுவேட்டர் (மின்சாரத்தால் தள்ளி இழுக்கும் கருவி) வந்துவிட்டது, இனி இந்தத் தொழில் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. சிறிய விசைக்கும் நுட்பமான அசைவுக்கும் மின்சாரம் பல இடங்களில் மேல்தான். அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு பெரிய விசை வேண்டுமென்றால் இன்னும் எண்ணெயைத்தான் தேடி வருகிறார்கள் என்று ஆசிரியர் பதில் சொன்னார். சுழற்சி வேகத்தை மாற்றும் மோட்டாரோடு பம்பை இணைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் முறையை அடுத்த ஆண்டுப் பாடத்தில் சேர்க்கிறோம்.

காற்றழுத்தப் பிரிவில் கசிவுத் தணிக்கை ஒன்று நடத்தினோம். 7 பாரில் 3 மி.மீ. துளை ஒன்று விநாடிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் காற்றை வெளியே விடும். எண்ணெய்க் கசிவு தரையை நனைத்துக் காட்டிக்கொடுக்கும். காற்றுக் கசிவு இயந்திரச் சத்தத்தோடு கலந்து போய்விடுவதால் யாரும் கவனிப்பதில்லை. இயந்திரங்கள் ஓயும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தாலே பாதிக் கசிவுகள் அகப்படும்.

செய்ய நினைத்துச் செய்யாதவையும் உண்டு. ஹோஸ் அழுத்தச் சோதனை மேசை இன்னும் வரவில்லை. உறுப்பினர் முகவரிப் புத்தகம் பழையதாகவே கிடக்கிறது. சான்றிதழ்த் தேர்வுக்கு ஆள் சேர்ந்தார்கள், தேர்வு நடத்த ஆள் கிடைக்கவில்லை, பொறுப்பு என்னுடையது.

விரலிழந்த இளைஞர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் கேட்டுக்கொண்டபடி, அட்டையின் இரண்டாம் பதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம். எண்ணெய்க் கையோடு எடுத்தாலும் அழியாதபடி உறையிட்டிருக்கிறோம். கட்டு கட்டாக வாயில் மேசைமேல் வைத்திருக்கிறோம். உங்கள் பட்டறையில் எத்தனை பேரோ அத்தனை அட்டைகளை எண்ணி எடுத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலில் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்