சரபோஜி கட்டாத தேவாலயம்: தஞ்சாவூருக்கு வழிகாட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூரைப் பற்றிச் சுற்றுலாக் கையேடு எழுதுகிறவர்களுக்கு, அறிவிப்புப் பலகை வைக்கிறவர்களுக்கு, பெரிய கோயில் வாசலிலிருந்து ஆட்களை ஊர் காட்ட அழைத்துப் போகும் வழிகாட்டி நண்பர்களுக்கு, வணக்கம்.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டி நிற்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்தைப் பற்றி ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. டென்மார்க் நாட்டுப் பாதிரியார் சுவார்ட்ஸ் மேல் கொண்ட அன்பின் அடையாளமாக மன்னர் சரபோஜி 1779இல் இதைக் கட்டினார் என்று. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் எடுத்து, இப்போது எங்கே தேடினாலும் இதுவே கிடைக்கிறது.

சரபோஜி பிறந்தது 1777இல். அந்தத் தேவாலயம் எழும்பிய ஆண்டில் அவர் கைக்குழந்தை. அப்போது தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் துளஜா அவரைத் தத்தெடுக்க இன்னும் 8 ஆண்டுகள் இருந்தன. சுவார்ட்ஸும் டென்மார்க்காரர் இல்லை, ஜெர்மானியர். 1750இல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷனுக்கு வந்து சேர்ந்தார், அதிலிருந்து வந்த குழப்பம் அது. ஆளும் நாடும் ஒரே வரியில் தவறிப்போவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்த வரி ஒரு அரச குடும்பத்தின் நீண்ட கதையை மறைத்துவிடுகிறது, என் வருத்தமெல்லாம் அதில்தான்.

நடந்ததைக் கேளுங்கள். 1773இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து துளஜாவை அரியணையிலிருந்து இறக்கின; 1776இல்தான் அது திரும்பக் கிடைத்தது. அதற்கு 3 ஆண்டு கழித்து, கையில் அதிகமில்லாத அந்த மன்னர் காலத்தில், கோட்டைக்குள் சுவார்ட்ஸ் இந்தத் தேவாலயத்தை எழுப்பினார். சைவ மன்னர் ஆண்ட கோட்டைக்குள், ராஜராஜன் கட்டிய விமானத்துக்குப் பக்கத்திலேயே. துளஜாவின் தந்தை பிரதாப சிம்மர் நாகூர் தர்காவுக்கு 131 அடி உயர மினார் எழுப்பியவர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அடுத்த சமயத்தாரின் வழிபாட்டிடத்துக்கு இடம் கொடுப்பதும் பொருள் கொடுப்பதும் இந்த போன்ஸ்லே குடும்பத்தில் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த பழக்கம். ஒரு மன்னர் ஒருநாள் திடீரென்று காட்டிய பெருந்தன்மை என்று அதைச் சொல்ல முடியாது.

1787இல் சாகும் தறுவாயில் துளஜா, தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் கையில் ஒப்படைக்க விரும்பினார். அந்தப் பொறுப்பைத் தனியாக ஏற்க முடியாது என்று அவர் தயங்க, துளஜாவின் சகோதரர் அமர் சிங் பொறுப்புக்கு வந்தார். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கருத்துச் சொன்னார்கள், கம்பெனியும் அமர் சிங்கையே மன்னராக்கியது. அரண்மனைக்குள் சிறுவனின் நிலை மோசமானது. அவனுக்காகச் சென்னைக்கும் கம்பெனி அதிகாரிகளுக்கும் ஓயாமல் எழுதியவர் சுவார்ட்ஸ். 1793இல் பையனைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு மிஷனரி அவனுக்குப் பாடம் சொன்னார். பிற்காலத்தில் சரஸ்வதி மகால் நூலகத்தில் பல மொழிப் புத்தகங்களை வாங்கிக் குவித்த சரபோஜி உருவான இடம் அதுதான்.

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13 அன்று இறந்தார். சரபோஜி அரியணை ஏறியது அந்த ஆண்டு ஜூன் கடைசியில். ஆக, அந்தச் சவ ஊர்வலத்தில் அழுதுகொண்டு நடந்தவர் மன்னர் இல்லை, அரியணை கிடைக்குமா என்று காத்திருந்த 20 வயது இளைஞர். அடக்கத்துக்கு முன் உடலின் மேல் பொன்னாடை போர்த்தினார். சுவார்ட்ஸின் கல்லறை தூய பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. கல்லில் உள்ள ஆங்கிலப் பாட்டு சரபோஜியே எழுதியது, அநாதைகளின் தகப்பன், விதவைகளின் துணை என்று அவரைப் போற்றுகிறது.

அதோடு அவர் விடவில்லை. லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் வெள்ளைப் பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். சிவகங்கைப் பூங்கா பக்கத்துத் தேவாலயத்துக்குள் இருப்பது அதுதான். படுக்கையில் சாகக் கிடக்கும் சுவார்ட்ஸ், அவர் கையைப் பற்றியபடி சரபோஜி, பின்னால் பரிவாரத்தார், தலைமாட்டில் கெரிக்கே, அருகே பள்ளிப் பிள்ளைகள். ஒரு மன்னர் தன்னை வாளோடோ குதிரை மேலோ செதுக்கச் சொல்லாமல், தன்னை வளர்த்த பெரியவர் சாகும்போது பக்கத்தில் இருக்கும் மாணவனாகச் செதுக்கச் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் இதற்கு ஈடான இன்னொரு அரச உருவம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சரபோஜி சிலை அரண்மனை தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கிறது, அங்கே நீங்கள் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துப் போகிறீர்கள். அப்புறம் ஏன் இங்கே வருவதில்லை? பெரிய கோயிலிலிருந்து நடந்தே வரலாமே.

இதில் அரசியலே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சரபோஜி அரியணை ஏறியது கம்பெனியின் தயவில், மறு ஆண்டே, 1799இல், நாட்டு நிர்வாகத்தை அவர்களிடம் கொடுத்து ஓய்வூதியம் வாங்கும் மன்னரானார். 1814இல் ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதற்காகக் கடற்கரையில் மனோரா என்ற கோபுரத்தை எழுப்பியவரும் அவரேதான். அந்தக் கணக்கையும் மக்களிடம் சொல்லுங்கள், அமர் சிங் பக்கத்தையும் சொல்லுங்கள். ஆனால் செத்துப்போன ஒரு மிஷனரிக்குப் பளிங்கு வரவழைத்ததில் நன்றியைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. சரபோஜி கடைசிவரை மதம் மாறவும் இல்லை. சுவார்ட்ஸ் வளர்த்த இன்னொரு மாணவர் வேதநாயக சாஸ்திரியார், அவரும் கடைசிவரை கிறித்தவராகவே இருந்து இதே மன்னர் அவையில் புலவராக விளங்கினார். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘மத நல்லிணக்கத்தின் சின்னம்’ என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அந்த ஒற்றை வரியை எல்லா இடத்திலும் திருத்துங்கள், கட்டியவர் சுவார்ட்ஸ், அப்போது ஆண்டவர் துளஜா என்று போடுங்கள். தேவாலயத்துக்குள் பளிங்குச் சிற்பத்தின் அருகே, அதில் இருப்பவர்கள் யார் யார் என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். ஆலயத்தாரோடு பேசி, வழிபாட்டுக்கு இடைஞ்சல் இல்லாத சில மணி நேரம் பார்வையாளருக்குத் திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் மறுபடி வரமாட்டார். தர்பார் மண்டபச் சிலை, இந்தத் தேவாலயம், தூய பேதுரு ஆலயக் கல்லறை மூன்றையும் ஒரே நடையில் காட்டுங்கள், ஒரு காலைப்பொழுது போதும். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வரும் டிசம்பர், ஜனவரிக்குள் பலகையாவது வந்துவிட்டால் நன்றாக இருக்கும்.