எலும்புப் பெட்டி திண்ணையில் இருக்கிறது

அம்பாசமுத்திரம்
கார்த்திகை 18

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பிசான நெல் நடவு முடிந்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது, கோபித்துக்கொள்ளாதே.

பையனை டாக்டராக்க எந்தக் கல்லூரி நல்லது, உன் மகளை எப்படிப் படிக்க வைத்தாய், மார்க் குறைந்தால் தனியாரில் போடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். மூன்றும் உன் கேள்விகள். பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரி கூட இல்லையேடா!

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, ஆனி மாதம் வரைக்கும். பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் காலில் புண். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத் துணைக்கு ஆள் இல்லை என்று என்னையும் மகளையும் அழைத்தாள். காலை ஏழரைக்கே ஓபி சீட்டு வாங்கும் வரிசை வாசல் தாண்டி நின்றது. கடையம், நாங்குநேரி, தென்காசி என்று எல்லா ஊர்ப் பேச்சும் அந்த வரிசையில் கேட்டது.

டிரெஸ்ஸிங் அறையில் கட்டைப் பிரித்ததும் மகள் முகம் வெளுத்துவிட்டது. வெளியே போய் வராந்தாப் படியில் உட்கார்ந்தாள். சரி, டாக்டர் ஆசை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்து ஆச்சியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர் பெண், "வயல்ல செருப்பு போட்டுத்தான நடப்பீங்க?" என்று கேட்டது. "ஆமாம்மா" என்றாள் ஆச்சி, கண் கூசாமல். "ஆச்சி பொய் சொல்லுதாவ டாக்டர், தெனமும் வெறுங்காலோடதான் போவாவ" என்று போட்டு உடைத்துவிட்டாள் என் மகள். அந்தப் பெண் சிரித்துவிட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டது. சர்க்கரையால் பாதத்து நரம்பு மரத்துப்போயிருக்கிறது, உடைமுள் ஏறியதே தெரியாமல் ஆச்சி நாலு நாள் நடந்திருக்கிறாள், இதுதான் சங்கதி. திரும்பும்போது பஸ்ஸில், மரத்த காலை எப்படிச் சோதித்துக் கண்டுபிடிப்பார்கள் என்று சேரன்மகாதேவி வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

மருத்துவச் சேர்க்கைக் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் நாளில் வீட்டில் பெரிய சண்டை. மச்சான் சென்னை மருத்துவக் கல்லூரிதான் என்று நின்றார். 1835-ல் ஆரம்பித்த கல்லூரி, அந்தப் பெயருக்கே தனி மதிப்பு என்றார். தப்பில்லை. ஆனால் மகள் அந்த ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த திருநெல்வேலிக் கல்லூரியைத்தான் முதலில் போட்டாள். 1965-ல் தொடங்கியது, 250 இடம். கட்டடம் எல்லாம் இரண்டாம்பட்சம். நோயாளி எத்தனை பேர், எத்தனை விதம் என்பதுதான் மாணவனுக்குப் பாடம். அந்த வரிசையைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் நான் என்ன சொல்ல? ஒன்று கவனித்துக்கொள்: விருப்பப்பட்டியலை ஆசைப்படும் வரிசையிலேயே எழுதச் சொல். "இது நமக்கு எங்கே கிடைக்கப்போகுது" என்று பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளினால் நஷ்டம் நமக்குத்தான். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நம் ரேங்குக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் எது முதலில் அமைகிறதோ அதைத்தான் தருகிறார்கள்.

அப்புறம், என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்தவளை, ஒன்பதாவதில் கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் சேர்த்தேன். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருந்திருக்கும். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. 2020-லேயே வந்த சட்டம், எனக்குத்தான் உறைக்கவில்லை. இவள் தட்டுத்தடுமாறி பொதுப் பட்டியலில் வந்துவிட்டாள். அந்த ஒரு மாதம் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும்.

அந்த மாதத்தில்தான் ஒரு புரோக்கர் வந்தான். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு போனவன், போனவன்தான். அந்த இடங்களையும் டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழுதான் ஆன்லைனில் நிரப்புகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆள் வைத்து வாங்கும் விஷயமே இல்லை. கட்டணமோ பல இடங்களில் வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல். உன் கோயம்புத்தூர் வீட்டை விற்றாலும் போதாது.

படிப்பைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, நாம் ஃபிசிக்ஸ் படித்த லட்சணம் உனக்குத் தெரியும். அவள் செய்ததைச் சொல்கிறேன். நீட் தேர்வில் 180 கேள்வி, 180 நிமிஷம். அதில் பாதி உயிரியல். அதை முதல் ஐம்பது நிமிஷத்துக்குள் முடித்துவிட்டு மிச்ச நேரத்தை ஃபிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் வைத்துக்கொண்டாள். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 போய்விடும். அதனால் "தப்பு நோட்டு" என்று ஒன்று வைத்திருந்தாள். மாதிரித் தேர்வில் தப்பான கேள்வி மட்டும் அதில் ஏறும், ஏன் தப்பியது என்ற காரணத்தோடு. கடைசி மாதம் அந்த நோட்டும் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப் புத்தகமும்தான்.

கிடைக்காவிட்டால்? பாளையங்கோட்டையிலேயே 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் நீட் வேண்டும். நர்சிங்குக்கு பிளஸ் டூ மார்க்கே போதும். ஆச்சியின் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் ஒரு நர்ஸ்தான், என்ன கை சுத்தம் தெரியுமா! ஆனால் இதெல்லாம் பையன் ஆஸ்பத்திரியில் ஒரு காலைப்பொழுது நின்ற பிறகு பேச வேண்டியது.

இங்கே வேறு கூத்து. உடற்கூறு படிக்க மகள் சீனியரிடம் வாங்கிய எலும்புப் பெட்டியைப் போன சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அம்மா வாசற்படி ஏற விடவில்லை. பெட்டி திண்ணையில், மகளும் திண்ணையில். தொடை எலும்பை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மேடு பள்ளத்துக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளேயிருந்து விபூதி கொடுத்தனுப்பினாள், அவளுக்கா எலும்புக்கா என்று நான் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, பையனையும் கூட்டி வா. ஆச்சிக்கு இன்னும் வியாழக்கிழமை தோறும் டிரெஸ்ஸிங் இருக்கிறது. ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். அவனை முந்தின ராத்திரியே தூங்கச் சொல்லிவிடு.

அன்புடன்,
ஆறுமுகம்