பி.பி. பார்க்க வரும்போது மறதியையும் விசாரியுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கு,

வணக்கம். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பி.பி., சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலிருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு மறதி எப்படி என்று எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருக்கும் என்று 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம்தான் அதிகம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், அதனால்தான் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிக் கதை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஆராய்கிறார்கள், சரி, நடக்கட்டும். (அதற்காக ஹார்மோன் மாத்திரை தேடி ஓடிவிடக் கூடாது. 65 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கூட்டு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் டிமென்ஷியா கூடத்தான் செய்தது.) நம் ஊரில் கண்ணெதிரே இருக்கும் காரணம், அன்றைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் விட்டது. சிறு வயதில் படிப்பு இல்லாவிட்டால் பின்னாளில் இந்த அபாயம் கூடும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள்தானே இன்றைய பாட்டிகளில் பலர்? கணவர் போனபின் வரும் தனிமை, மனச்சோர்வு, சரியாகக் கேட்காத காது, கட்டுக்குள் வராத சர்க்கரை எல்லாம் அதன் மேல் சேர்கின்றன.

அப்பாவுக்கு மறதி என்றால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். அம்மா ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டால் வீட்டில் திட்டுதான் விழும். அப்புறம் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். தைராய்டு குறைவாலோ பி12 குறைவாலோகூட மறதி வரலாம், அதை மருந்தில் சரிசெய்யலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

என் மாமியாரை மறதிச் சோதனைக்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணப் படங்களைக் காட்டி, அதேபோல் வரையச் சொன்னார்கள். பென்சிலையே பிடித்தறியாதவர், கூச்சத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். மார்க் போய்விட்டது. நோயால் போனதா, பள்ளிக்கூடம் போகாததால் போனதா, யார் சொல்வது? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் இந்தியில் ஒரு சோதனையை 1990-களிலேயே உருவாக்கிவிட்டார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அப்படித் தமிழில் ஒன்று புழங்க வேண்டும். அடுத்து வரும் பண்டிகை எது, மூத்த பேத்தியை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடுமே.

வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கு இதில் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். மறதி, காது, தூக்கம், மனசு என்று நாலு கேள்வி போதும். சந்தேகம் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கிழமை அனுப்புவது என்பதும் அவர் கையில் இருக்கட்டும். கேள்வியை மகனிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல், அந்த அம்மாவிடமும் கூடவே சமைக்கும் மருமகளிடமும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருமகள்