அப்டேட்டில் அழிந்த சுங்குடிப் படங்கள்: புகார் கடிதம்

அனுப்புநர்:
சுங்குடிச் சேலைக் கடை உரிமையாளர்,
விளக்குத்தூண் அருகில், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எங்கள் கடை சர்வரில் நீங்கள் நிறுவிக் கொடுத்த நெக்ஸ்ட்கிளவுடில் (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) இருந்த படங்கள் அழிந்தது தொடர்பாக.

ஐயா,

போன செவ்வாய்க்கிழமை காலை, வெளியூர் வியாபாரி ஒருவருக்கு டிசைன் காட்டுவதற்காக நெக்ஸ்ட்கிளவுடைத் திறந்தேன். புதிதாக அட்மின் கணக்கு உருவாக்கச் சொல்லும் பக்கம்தான் வந்தது. முந்தின நாள் மாலைதான் உங்கள் டெக்னீசியன் ரிமோட்டில் வந்து அப்டேட் செய்திருந்தார். போனில் கேட்டேன். "டிஸ்க் ஃபுல்லா இருந்துச்சு சார், வேண்டாததை கிளீன் பண்ணிட்டேன்" என்றார்.

அவர் வேண்டாதது என்று சொன்னது எங்களுடைய நாலு வருஷ உழைப்பு. சாயத்தில் நனைத்துக் காயப்போட்ட துணியில் முடிச்சுகளை அவிழ்த்ததும் ஒவ்வொரு சேலையையும் விரித்துப் படம் எடுப்போம். முடிச்சு போட்டது யார், எந்தச் சாயம் எவ்வளவு என்று படத்தின் கூடவே குறித்து வைப்போம். கையால் முடிச்சு போடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். படம் எடுத்த சேலைகளில் பல விற்றும் போய்விட்டன. அந்த டிசைன்களை இனி எதைப் பார்த்துப் போடச் சொல்வது?

சென்னையில் உங்களைப் போலவே சர்வர் வேலையில் இருக்கும் என் அக்கா மகன், நீங்கள் எழுதிவைத்த கம்போஸ் ஃபைலைப் பார்த்தான். மென்பொருள்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்கு, எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஃபைல் அது. டேட்டாபேஸான மரியாடிபிக்குப் பெயர் வைத்த வால்யூம் (கண்டெய்னருக்கு வெளியே டேட்டாவை வைக்கும் இடம்) இருக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் தன் ஃபைல்களை வைக்கிற ஃபோல்டருக்கு அந்த ஒரு வரி இல்லை. அதனால் டாக்கர் தானாகவே பெயரில்லாத வால்யூம் ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. முந்தைய அப்டேட்களில் கம்போஸ் அதையே புது கண்டெய்னரில் மாட்டிக் கொடுத்ததால் படங்கள் தப்பித்தன. இந்த முறை டவுன் கொடுத்துக் கண்டெய்னரையே நீக்கி, அப் கொடுத்து மறுபடி உருவாக்கியதும் புதிதாக ஒரு காலி வால்யூம் வந்துவிட்டது. அப்போதுகூடப் பழையது டிஸ்கில் பத்திரமாகத்தான் கிடந்தது. அப்புறம் உங்கள் டெக்னீசியன் கொடுத்த வால்யூம் ப்ரூன் (பயன்பாட்டில் இல்லாத, பெயரில்லாத வால்யூம்களை அழிக்கும் கட்டளை) அதைத் துடைத்துவிட்டது. பெயர் வைத்த டேட்டாபேஸ் மட்டும் மிஞ்சியது. அதில் ஒவ்வொரு படத்தின் பெயரும் வரிசையாக இருக்கிறது, ஆனால் ஒரு படம்கூட இல்லை.

சரி, பேக்கப் இருக்குமே என்று பார்த்தால், அதிலும் டேட்டாபேஸ் மட்டும்தான். "தினமும் பேக்கப் ஆகிறது" என்று சொல்லித்தானே வருஷாவருஷம் பராமரிப்புப் பணம் வாங்கினீர்கள்?

இதைவிடவும் மனதை அறுப்பது, "இப்போதைக்குப் புதுசா படம் ஏத்திக்கிட்டே இருங்க" என்று அவர் சொன்னதுதான். எங்கள் சர்வரில் இருப்பது ஹார்ட் டிஸ்க். அழித்த ஃபைலின் மேல் வேறு எதுவும் எழுதாதவரைதான் அதை மீட்க வாய்ப்பு. அக்கா மகன் சொன்னதும் உடனே சர்வரை அணைத்துவிட்டேன்.

டிஸ்கை மீட்பு நிலையத்துக்கு அனுப்பும் செலவு முழுவதையும் நீங்கள் ஏற்க வேண்டும். படங்கள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வருஷப் பராமரிப்புப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அனுபவம் உள்ள ஒருவர் நேரில் வந்து கம்போஸ் ஃபைலைத் திருத்தி, படங்களையும் சேர்த்து பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் என் கண் முன்னால் ஏற்றிக் காட்ட வேண்டும். 15 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

டிஸ்கைக் கழற்றி, துணியில் சுற்றிக் கடை பீரோவில் வைத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொள்ள யார், என்றைக்கு வருகிறார்கள் என்பதை முதலில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்