எந்த நண்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் சமையல் பக்கத்தில் நண்டு மசாலா குறிப்பு படித்தேன். மசாலாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சோம்புதான் ஒரு சிட்டிகை கூடுதல். ஆனால் ‘நண்டு – 1 கிலோ’ என்று போட்டு நிறுத்திவிட்டீர்களே, எந்த நண்டு? மேலே போட்டிருந்த படம் நம் ஊர் நண்டே இல்லை. சோமாசுக்கு ஓரம் மடித்தது மாதிரி ஓடு, கறுத்த கொடுக்கு நுனி. அது ஐரோப்பாக்காரர்கள் தின்னும் அட்லாண்டிக் நண்டு. நாகப்பட்டினத்தில் நூறு வருஷம் வலை போட்டாலும் கரையேறாது.

இங்கே கூறு கட்டி வைத்திருப்பதில் அதிகம் நீலக்கால் நண்டுதான். நீலம் ஆணுக்குத்தான், பெண் மண்ணும் பச்சையும் கலந்து மங்கிக் கிடக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டும் வேறு வேறு ஜாதி என்றே நினைப்பார்கள். திருப்பிப் போட்டு வயிற்று மடலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஆணுக்குக் குறுகலாக இருக்கும், வளர்ந்த பெண்ணுக்கு அகலமாக இருக்கும். ஓட்டின் பின்பக்கம் பொட்டு வைத்தது போல மூன்று சிவப்பு வட்டம் இருந்தால் அது மூணுபுள்ளி நண்டு. விலை இறங்கித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ரசத்துக்கு அதுதான். சிலுவை நண்டின் ஓட்டில் வெளிர்நிறத்தில் சிலுவை தெரியும். கடலில் விழுந்த சவேரியாரின் சிலுவையை ஒரு நண்டு தூக்கி வந்து கொடுத்ததாகக் கதை உண்டு.

சேற்று நண்டு இவற்றோடு சேராது. களி நண்டு என்றும் சொல்வோம். பிச்சாவரம், முத்துப்பேட்டை, பழவேற்காடு மாதிரி கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் வளருவது. ஒன்றே அரை கிலோ, முக்கால் கிலோ நிற்கும். ஒரு கிலோ தாண்டுவதும் உண்டு. சிங்கப்பூர் சில்லி கிராப் இந்த வகையில்தான் செய்கிறார்கள். ஓடு கெட்டி. அம்மிக் குழவியால் கொடுக்கைத் தட்டி விரிசல் விடாமல் போட்டால் மசாலா வெளியிலேயே நிற்கும், சதை பச்சைத் தண்ணீரில் வெந்த மாதிரி சப்பென்று இருக்கும். குறிப்பில் 25 நிமிடம் வேகவிடச் சொன்னது இதற்குப் பொருந்தலாம். நீலக்கால் நண்டை அவ்வளவு நேரம் விட்டால் சதை சுருங்கி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாராளம்.

வாங்குவதிலும் வித்தியாசம் இருக்கிறது. கடல் நண்டு தண்ணீரை விட்டு வந்தால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் ஐஸில்தான் வரும். மோந்து பார்த்து வாங்கலாம். சேற்று நண்டு ஈரச் சாக்கில் இரண்டு மூன்று நாள் உயிரோடு கிடக்கும். அதனால் அது செத்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடக்கூடாது.

உயிரோடு இருந்தால் மட்டும் போதாது என்பதைப் போன பொங்கலுக்கு மறுநாள் நானே கற்றுக்கொண்டேன். கயிறு கட்டிய சேற்று நண்டு இரண்டு, 1 கிலோ 200 கிராம் நின்றது. நனைந்த கயிற்றுக்கும் சேர்த்துத்தான் காசு. வீட்டில் உடைத்தால் கொடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது, சதை நூல் மாதிரி. ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு அப்படித்தான். தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கும், உள்ளே சதை நிறைய வாரக்கணக்கில் ஆகும். வியாபாரிகள் இதைத் தண்ணி நண்டு என்று தனியே பிரித்து, தீனி போட்டுத் தேற்றி விற்பார்கள். என்னிடம் விற்றவர் பிரிக்கவில்லை. அக்கரைப்பேட்டையில் கூடை தூக்கி விற்ற என் அம்மா நண்டைக் கையில் எடுத்ததும் முதலில் கால் பக்கத்து அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். அமுங்கினால் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிடுவார். கூடவே நின்று பார்த்து வளர்ந்தவள், அன்றைக்கு அவசரத்தில் அதை மறந்தேன்.

வயல் நண்டைப் பற்றி வேறு ஒரு நாள் எழுதுகிறேன். மேலே சொன்ன நம் ஊர் நண்டுகளைப் போல அதன் கடைசிக் கால் துடுப்பாக இருக்காது, கூராக இருக்கும். அதைச் சாறுக்கு இடிக்கிறவர்கள் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை படம் வேண்டுமென்றால் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை துறைமுகத்துக்குப் போகிற ஆள்தான் நான். நாலு வகையையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நாகப்பட்டினம்