வாசிப்பு வாரமும் வகுப்புக்குள் வந்த பெற்றோரும்

கொழிஞ்சாம்பாறை,
ஜூன் 26

அன்புத் தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. பள்ளி திறந்த சூட்டோடு வாசிப்பு வாரமும் வந்துவிட்டதால், உன் கடிதத்துக்கு இன்றுதான் நிதானமாகப் பதில் எழுத முடிகிறது.

திருவிதாங்கூரில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்து 1945இல் கிரந்தசாலைச் சங்கத்தை உருவாக்கிய பி. என். பணிக்கர், 1995ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் மறைந்தார். அந்த நாளை வாசிப்பு நாளாகக் கொண்டு, 25ஆம் தேதி வரை கேரளத்துப் பள்ளிகளில் வாசிப்பு வாரம் நடத்துவது வழக்கம். உறுதிமொழி, சுவரொட்டி, வினாடி வினா என்று அது முடிந்துவிடுவதும் உண்டு. இம்முறை பெற்றோரை வகுப்புக்குள் அழைத்துப் பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் கழிப்பறைக் கதவைப் பற்றியும் சுற்றுச்சுவரைப் பற்றியும் பேச அவர்களைக் கூப்பிடும் நாம், பிள்ளை படிப்பதைப் பார்க்கக் கூப்பிடுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதியில் வீட்டில் பேசுவது தமிழாக இருந்தாலும், தாய்மாரில் பலர் மலையாள வழியில் படித்தவர்கள். எங்களுடையது தமிழ்வழி எல்.பி. பள்ளி (கீழ்நிலைத் தொடக்கப் பள்ளி) என்பதால், பிள்ளை கொண்டுபோகும் பாடப்புத்தகத்தை அவர்களால் எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க முடிவதில்லை. அதை அக்கறையின்மை என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது முற்றிலும் தவறு என்பதை இந்த வாரம் கண்ணாரக் கண்டேன்.

வீட்டில் பாட்டி சொல்லும் கதை ஒன்றை எழுதிக்கொண்டு வரும்படி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். ஒரு சிறுமியின் தாய், தன் மாமியார் சொன்ன நரிக் கதையை அவருடைய பேச்சு மாறாமல் தமிழிலேயே, ஆனால் மலையாள எழுத்தில், நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தார். வகுப்பில் அவர் வரிவரியாக வாசிக்க, மகள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். ‘பள்ளம்’ என்ற சொல் வந்தபோது எந்த ‘ள’ போடுவது என்று சிறுமி தயங்க, தாய் தன் நோட்டில் இருந்த மலையாள எழுத்தைக் காட்டி, நாக்கை மடித்து ஒலித்துக் காட்டினார். அடுத்த பெஞ்சுப் பிள்ளைகளும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டனர். தமிழே படிக்காத ஒரு தாயிடம் என் வகுப்பு எழுத்துப்பிழை திருத்திக்கொண்டது என்பதை நான் பெருமையோடு எழுதுகிறேன்.

இன்னொரு நாள், காலைச் சீவலை முடித்துக்கொண்டு ஒரு தந்தை வந்தார். தென்னங்கள் இறக்குவது அவர் தொழில். சின்னப் பிள்ளைகளிடம் கள்ளைப் பற்றிப் பேசலாமா என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழத்தான் செய்தது. இங்கே சட்டப்படி நடக்கும் தொழில் அது, பிள்ளைகளில் பலருடைய வீட்டுச் சோறும் அதுவே, அதை வகுப்பில் மறைக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாகச் சொன்னேன். விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் நீர் சுரக்கும், சீவல் கொஞ்சம் ஆழமாகப் போனால் பாளையின் ஆயுள் குறையும் என்று அவர் விரலாலேயே அளவு காட்டி விளக்கினார். பிறகு ஒவ்வொரு மரத்திலும் காலையிலும் மாலையிலும் கிடைத்த அளவுகளைச் சொல்ல, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் லிட்டரையும் மில்லி லிட்டரையும் கூட்டிப் பார்த்தார்கள். புத்தகத்தில் ஆயிரம் மில்லியை ஒரு லிட்டராக மாற்றத் திணறிய பையன், அப்பா சொன்ன கணக்கில் தடுமாறவே இல்லை.

கண்காட்சி, பரிசளிப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தன. அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. வேலைக்குப் போகும் நாளை விட்டுவிட்டு வர இயலாத பெற்றோரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு நாள் கூலியை இழந்து வா என்று யாரையும் அழைக்க நமக்கு உரிமையில்லை. அதனால் இனி மாதம் ஒருமுறை, சனிக்கிழமை மாலையில் இதையே தொடரலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்ள விரும்பும் தாய்மாரும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் உன் உதவி வேண்டும். 2022இல் உங்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபோது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதாக எழுதியிருந்தாய். புதிதாக எழுத்துக் கற்கும் பெரியவர்களுக்கு அரும்பு நிலைப் பயிற்சிகள் பொருந்துமா, அல்லது அவர்களுக்கு அவை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுமா என்பதை உன் அனுபவத்திலிருந்து சொல். எங்கள் ஊர் வாசகசாலையில் தமிழ்ப் புத்தகங்கள் மிகக் குறைவு. பெரிய எழுத்தில் அச்சான கதைப் புத்தகங்களோ பழைய சிறுவர் இதழ்களோ உன்னிடம் இருந்தால், பொள்ளாச்சியிலிருந்து இந்தப் பக்கம் வருபவர் யாரிடமாவது ஜூலை முதல் வாரத்துக்குள் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் தோழி